நீர் காத்த இரும்பு

1857-இல் சுவிட்சர்லாந்தில் வறட்சி நீடித்தது. நெஷாத்தல் ஏரியின் நீர்மட்டம் ஏறத்தாழ இரண்டு மீட்டர் இறங்க, லா தேன் என்ற கரையோரப் பகுதி வெளியே தெரிந்தது. அங்கே வரிசையாக நட்டிருந்த மரத்தூண்களுக்கு நடுவே சேற்றைத் துழாவிய ஹான்ஸ்லி கோப் என்பவர் ஏறக்குறைய நாற்பது இரும்பு ஆயுதங்களை எடுத்தார். அடுத்து வந்த பல பத்தாண்டுகளில் அதே இடம் நூற்றுக்கும் மேற்பட்ட வாள்களைத் தந்தது. ஐரோப்பிய இரும்புக் காலத்தின் பிற்பகுதி இன்று அந்த இடத்தின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 2018 கோடையில் தெற்கு ஸ்வீடனின் விடோஸ்டர்ன் ஏரியிலும் இதுபோல ஒன்று நடந்தது. மழையின்றி நீர் வற்றியிருந்த அந்த ஏரியில் விளையாடிக்கொண்டிருந்த எட்டு வயதுச் சிறுமியின் கையில் பழைய இரும்பு வாள் ஒன்று அகப்பட்டது. மரமும் தோலும் கொண்ட அதன் உறைகூட முழுவதும் அழிந்திருக்கவில்லை.

இரண்டு இடங்களிலும் வாளைப் பாதுகாத்தது நீர், காட்டிக்கொடுத்தது வறட்சி. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார மக்களுக்கு இந்தச் செய்தி அந்நியமானதன்று. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும் கண்மாய் சித்திரைக்குள் வெடித்த தரையாகிவிடும் நிலம் இது. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களைவிட மணல் தெரியும் நாட்களே அதிகம். ஆண்டுதோறும் நீர் விலகி அடிநிலம் வெளியே வரும் இத்தகைய ஊரில், நீருக்கடியில் கிடந்த இரும்பை எப்படி எடுப்பது, எடுத்தபின் எப்படிக் காப்பது என்ற கேள்வி கடலோர ஊர்களுக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது.

நீரிலிருந்து எடுத்த இரும்பை அழிப்பது பெரும்பாலும் நீர் அன்று. வெளியே வந்த பிறகு அதைத் தீண்டும் காற்றே. ஆகவே காப்பதற்கான ஏற்பாடு முதலில் வேண்டும், எடுப்பது அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மாறினால், கண்டுபிடிப்பு என்று நாம் கொண்டாடுவது ஓர் அழிவின் தொடக்கமாகிவிடும்.

தாழிக்குள் நின்ற வாள்கள்

பாண்டிநாட்டு இரும்பின் பழைய சாட்சி ஆதிச்சநல்லூர். 1876-இல் பெர்லினைச் சேர்ந்த யாகோர் அங்கே தோண்டினார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். தாமிரபரணிக் கரையின் அந்த முதுமக்கள் தாழிக்காட்டில் வாள், ஈட்டி, அம்புமுனை எனப் பலவகை இரும்புப் பொருள்கள் கிடைத்தன. ரீ குறித்துவைத்த செய்தி ஒன்று முக்கியமானது: ஆயுதங்கள் முனை கீழ்நோக்கி இருக்க, துக்கத்துக்கு வந்தவர்கள் மண்ணில் குத்திவைத்தது போல நின்றன. வாள் படுத்திருந்ததா, நின்றதா, எந்தத் திசை பார்த்தது என்பதெல்லாம் அதை வைத்தவர்களின் மனத்தைப் பற்றிய சான்று. கீழடியை ஒட்டிய கொந்தகையிலும் தாழிக்குள் இரும்பு வாள் கிடைத்திருக்கிறது.

அண்மை ஆண்டுகளில் இந்த இரும்பின் வயது வியக்கத்தக்க வகையில் பின்னோக்கிப் போயிருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையின் இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்ற முடிவு 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. கா. ராஜன், இரா. சிவானந்தம் இருவரும் எழுதிய ‘இரும்பின் தொன்மை’ என்ற ஆய்வறிக்கை 2025 ஜனவரி 23 அன்று வெளியானது. சிவகளையில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு, தமிழ்நாட்டு இரும்பின் காலத்தை அது கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை கொண்டுசென்றது. வாள் என்று பார்த்தால், மேட்டூர் வட்டாரத்துத் தெலுங்கனூர் ஈமச்சின்னத்தில் கிடைத்த இருபுறக் கூர் வாள் தனி இடம் பெறுகிறது. அதன் உலோகத்தைச் சோதித்தவர்கள் அது உயர் கார்பன் எஃகு என்று காட்டினார்கள். அதன் காலம் கி.மு. 1435-க்கும் 1233-க்கும் இடைப்பட்டது.

இப்படி ஒரு முடிவுக்கு வர, துருவுக்குள் கொஞ்சமாவது உலோகம் எஞ்சியிருக்க வேண்டும். அந்த எச்சத்தை மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இரும்பா எஃகா, எத்தனை முறை காய்ச்சி அடித்தார்கள், சூட்டோடு நீரில் தோய்த்துத் துவைச்சல் பிடித்தார்களா என்பது தெரியும். எஃகில் கலந்திருக்கும் கார்பன், தாதுவை உருக்கிய மரக்கரியிலிருந்து வந்தது. உலோகம் எஞ்சியிருந்தால் அந்தக் கார்பனைக் கொண்டே அதன் காலத்தையும் கணிக்கலாம். முழுவதும் துருவாகிப்போன வாளில் கொல்லனின் கைத்திறனைப் பற்றிய செய்திகளில் பெரும்பகுதி அழிந்துவிடும். வாளைக் காப்பது என்றால் அதன் வடிவத்தையும், வடிவத்துக்குள் இருக்கும் இந்த எச்சத்தையும் சேர்த்துக் காப்பதுதான்.

கடல், ஏரி, கண்மாய்

இரும்பு துருப்பிடிக்க நீரும் உயிர்வளியும் வேண்டும். இவற்றுள் ஒன்று இல்லாவிட்டாலும் அழிவு மெதுவாகிவிடும். ஆழ்ந்த ஏரிச் சேற்றில் உயிர்வளி மிகக் குறைவு. டென்மார்க்கின் இல்லெரூப் பள்ளத்தாக்கில், தோற்ற படையின் ஆயுதங்களை வேண்டுமென்றே உடைத்தும் வளைத்தும் அந்நாளைய ஏரியில் எறிந்திருக்கிறார்கள். 1950-இல் வடிகால் வெட்டும்போது அந்த இடம் தெரியவந்தது. அங்கிருந்து 15,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் எடுக்கப்பட்டன. ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகள் நீர்சேர்ந்த மண்ணில் கிடந்த வாள்களில் இன்றும் வேலைப்பாடு தெரிகிறது.

கடலின் கதை வேறு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதில் 19 கிராம் குளோரைடு. கடலடியில் கிடக்கும் இரும்பைச் சுற்றிச் சுண்ணாம்பும் மணலும் சிப்பியும் துருவும் சேர்ந்து கெட்டியான ஓடு ஒன்று வளர்கிறது. 2021 அக்டோபரில் இஸ்ரேலின் கார்மேல் கடற்கரைக்கு அருகே முக்குளிப்பாளர் ஒருவர் கண்டெடுத்த சிலுவைப்போர்க் கால வாள் இப்படித்தான் சிப்பி மூடிய நிலையில் வந்தது. அலை மணலை அரித்து நகர்த்தியதால்தான், ஏறத்தாழ 900 ஆண்டுப் பழமையான அந்த வாள் கண்ணில் பட்டது. இந்த ஓடு உள்ளிருப்பதை மூடிக் காக்கிறது. சிலவேளை உள்ளே உலோகம் முழுவதும் கரைந்துபோய், வாளின் வடிவில் வெற்றிடம் மட்டும் எஞ்சுவதும் உண்டு. அப்படிப்பட்ட ஓட்டைப் பாதுகாப்பாளர்கள் அச்சாகக் கொள்கிறார்கள். உள்ளே பிசின் ஊற்றி, காணாமல்போன வாளின் உருவத்தை வார்த்தெடுக்கிறார்கள். அவசரத்தில் ஓட்டை உடைத்துப் பார்த்தவருக்கு வாளும் கிடைக்காது, அச்சும் கிடைக்காது.

நம் பக்கத்துக் கடலும் இரும்பு வைத்திருக்கிறது. இலங்கையின் தென்கரையில் கொடவாயவுக்கு எதிரே, முப்பது மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், கிறித்து பிறப்பதற்கு முந்திய பிந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்த கப்பல் ஒன்று கிடக்கிறது. அதன் சரக்கில் இரும்புப் பாளங்களும் கண்ணாடிப் பாளங்களும் அம்மிகளும் இருந்தன. இந்தியப் பெருங்கடலில் இதுவரை தெரிந்த கப்பல் சிதைவுகளுள் மிகப் பழமையானவற்றில் அதுவும் ஒன்று. இரும்பு வணிகம் கடல் கடந்ததற்கு அது நேர்ச்சான்று.

கண்மாயின் கதையோ இவ்விரண்டிலும் சேராதது. பல வகையில் இரண்டையும்விடக் கடுமையானது. சாத்தூர்ப் பக்கத்து எருக்கங்குடியில் உள்ள, பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்துக் கல்வெட்டு, இருப்பைக்குடி கிழவன் எட்டி சாத்தன் வெட்டிய, திருத்திய நீர்நிலைகளைச் சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஊருக்கு ஊர் குளம் வெட்டிய நிலம் இது. அந்தக் குளங்கள் வெட்டப்படுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இப்பகுதியில் தாழி புதைத்த மக்கள் வாழ்ந்தார்கள். மேட்டு நிலத்தில் புதைத்த தாழிகள் மேல் பின்னாளில் கண்மாய் விரிந்திருக்கிறது. பாண்டிநாட்டில் கண்மாய் உள்வாயிலும் ஓடைக்கரையிலும் தாழியின் வாய்விளிம்பு வட்டமாகத் தெரிவதைப் பார்த்தவர்கள் பலர் உண்டு.

அந்தத் தாழிக்குள் வாள் இருந்தால், அது ஆண்டில் சில மாதம் நீரிலும் சில மாதம் வெயிலில் காயும் மண்ணிலும் கிடக்கும். கரிசல் மண் நனைந்தால் ஊதும், காய்ந்தால் ஆழமாக வெடிக்கும். தாழி விரிசல் விடும். நீர் வற்றும்போது உவர் மட்டும் மண்ணில் தங்கும். மறு மழையில் அது கரைந்து இரும்புக்குள் இறங்கும். வெடிப்பு வழியே காற்றும் நுழையும். கடலடியில் ஒரே நிலையில் ஐந்நூறு ஆண்டு கிடக்கும் இரும்பைவிட, நனைந்தும் காய்ந்தும் கிடக்கும் இரும்பு விரைவாகச் சிதையக்கூடும். நல்வாய்ப்பாக, ஆழமான களிமண்ணுக்குள் கோடையிலும் ஈரம் காயாத இடங்கள் உண்டு. கரிசலின் சுண்ணாம்புத் தன்மையும் இரும்புக்குச் சற்று ஆதரவானது. அங்கே பிழைத்திருக்கும் இரும்பு அரியது. நம் கைக்கு வந்த பிறகு அது கெட்டால் பொறுப்பு நம்முடையது.

வெளியே வந்த பின்

மண்ணிலும் நீரிலும் கிடக்கும்போது குளோரைடு மெல்ல உள்ளே ஊர்ந்து, துருவுக்கும் எஞ்சிய உலோகத்துக்கும் இடைப்பட்ட எல்லையில் சேர்ந்துகொள்கிறது. மேலே எவ்வளவு கழுவினாலும் அது வெளியேறாது. இரும்பை வெளியே எடுத்ததும் துருப்படலம் காய்ந்து வெடிக்கிறது. அந்த வெடிப்பு வழியே உயிர்வளி நேரே எல்லைக்குப் போகிறது. அங்கே காத்திருக்கும் இரும்புக் குளோரைடு அதனுடன் வினைபுரிந்து அமிலத்தையும் புதிய துருவையும் உண்டாக்குகிறது. அந்த அமிலம் மேலும் உலோகத்தைத் தின்கிறது. குளோரைடு செலவாகாமல் மறுபடியும் அதே வேலைக்குத் திரும்புகிறது. புதிய துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் உள்ளிருந்து நெருக்கி, மேல்படலத்தைச் செதில் செதிலாகத் தள்ளிவிடுகிறது. வாளின் மேற்பரப்பில் பழுப்பு மஞ்சள் துளிகள் அரும்புவது இந்த நோயின் அடையாளம். எடுத்தபோது உறுதியாக இருந்த வாள் சில மாதங்களில் துண்டுதுண்டாக உதிர்ந்துவிடும்.

வறண்ட ஊர் என்பதால் இரும்புக்கு ஆபத்து குறைவு என்று நினைக்கத் தோன்றும். குளோரைடு ஏறிய பழைய இரும்புக்குக் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே இருக்க வேண்டும். அருப்புக்கோட்டையின் கத்திரி வெயிலில்கூட இரவுக் காற்று அவ்வளவு உலர்வதில்லை. நமக்கு வறட்சியாகத் தெரியும் காற்றில் அந்த இரும்பைக் கொல்லப் போதுமான ஈரம் இருக்கிறது.

சிகிச்சையின் வரிசை

ஈரமாகக் கிடைத்த இரும்பை ஈரம் காயவிடாமல் வைத்திருப்பதே முதல் விதி. பிறகு அதைக் காரநீரில் மூழ்கவைக்க வேண்டும். லிட்டருக்கு 20 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த நீர் பரவலாகப் பயன்படுகிறது. காரத்தன்மை மிகுந்த நீரில் இரும்பின் அரிப்பு அடங்கிவிடுவதால், சிகிச்சையைத் திட்டமிட அவகாசம் கிடைக்கிறது.

அடுத்தது எக்ஸ்ரே. ஓட்டுக்கும் துருவுக்கும் உள்ளே உலோகம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது, அலகின் உண்மையான விளிம்பு எங்கே, பிடியில் ஆணி உண்டா, செம்போ பொன்னோ பதித்திருக்கிறார்களா என்பதை ஒரு படம் காட்டிவிடும். வாளை எதுவரை சுத்தம் செய்யலாம் என்று முடிவெடுப்பது இந்தப் படத்தைப் பார்த்தபின்தான்.

துருவையும் மதித்துத்தான் தொட வேண்டும். உறையின் மரம், பிடியில் சுற்றிய நூல், வாளைப் பொதிந்த துணி ஆகியவை மட்கிப்போகும். ஆனால் மட்குவதற்கு முன் இரும்பின் உப்புகள் இழைகளுக்குள் ஊறி அவற்றின் உருவத்தைக் கல்லாக்கிவிடுவதுண்டு. அப்போது பாவும் ஊடும் துருவின் மேல் எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிவாகத் தெரியும். தறிச் சத்தத்தில் வளர்ந்த அருப்புக்கோட்டை மக்களுக்கு இதன் மதிப்பை விளக்க வேண்டியதில்லை. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய வாளில் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய நெசவாளியின் கைவேலை அழிந்துபோயிருக்கும்.

பிறகு உப்பு நீக்கம். காரநீரை அவ்வப்போது மாற்றி, வெளியேறும் குளோரைடின் அளவைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் நார்த், பியர்சன் இருவரும் 1975-இல் வெளியிட்ட முறையில் சோடியம் ஹைட்ராக்சைடுடன் சோடியம் சல்பைட்டும் சேர்த்து, மூடிய கலத்தில் 60 பாகை செல்சியசில் சூடாக்குவார்கள். உயிர்வளியற்ற அந்தக் கரைசலில் குளோரைடு விரைவாக வெளியேறும். எஞ்சிய உலோகம் போதுமான உறுதியோடு இருந்தால் மின்பகுப்பு முறையும் உதவும். சிறிய பொருளுக்குச் சில மாதங்கள் போதும். பீரங்கி போன்ற பெரிய பொருளுக்குப் பல ஆண்டுகள் வேண்டும். உப்பு நீங்கியபின் நன்னீரில் அலசி, உலர்த்தி, டானிக் அமிலம் பூசி, மெழுகு அல்லது பிசினால் மூடி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாப் பெட்டியில் வைப்பார்கள். அதன் பிறகும் ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும். இந்தச் சிகிச்சைக்கு முடிவுநாள் என்று ஒன்று கிடையாது.

இந்த அறிவு தமிழ்நாட்டுக்குப் புதிதும் அன்று. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் 1930-இலேயே தொடங்கியது. அதை நிறுவி நடத்திய எஸ். பரமசிவன், நோயுற்ற செப்புத் திருமேனிகளை மின்வேதி முறையில் மீட்டவர். லக்னோவில் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புக்கான தேசிய ஆய்வகம் 1976 முதல் இயங்குகிறது. இந்த அறிவு எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தெரியும்; கண்மாய்க்கும் அதற்கும் நடுவே இருக்கும் தொலைவுதான் இன்னும் குறையவில்லை.

முதலில் தொட்டி, பிறகு தூக்கு

அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1864-இல் மூழ்கிய ஹன்லி என்ற இரும்பு நீர்மூழ்கி 2000 ஆகஸ்ட் 8 அன்று கடலிலிருந்து தூக்கப்பட்டது. அதற்கான ஆய்வகமும் தொட்டியும் முன்கூட்டியே ஆயத்தமாக இருந்தன. குளிர்ந்த நன்னீரில் வைத்து, உள்ளிருந்த சேற்றை அகழ்ந்து, ஆவணப்படுத்தி, 2014-இல்தான் அதைக் காரநீரில் மூழ்கடித்தார்கள். ஒரே நாளில் தூக்கியதைக் காக்க இரண்டு தலைமுறை அறிஞர்கள் உழைக்கிறார்கள்.

இலங்கையின் காலி நகரில் வேறொரு பாடம் கிடைத்தது. 1659-இல் மூழ்கிய அவொண்ட்ஸ்டர் என்ற டச்சுக் கப்பலை அகழ, அங்கே கடல்சார் தொல்லியல் பிரிவு ஒன்று அமைந்தது. பொருள்களுக்கு உப்பு நீக்கும் வசதியும் உருவானது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தக் கட்டடங்களைச் சூறையாடியது. ஏறத்தாழ 340 ஆண்டுகள் கடலடியில் பிழைத்திருந்த பொருள்களில் பலவற்றைக் கரையில் வைத்து இழக்க நேர்ந்தது. மீட்ட பொருளை எங்கே வைக்கிறோம் என்பதும் மீட்பின் பகுதியே.

கண்மாய்க்குள் முதல் மனிதர்

நம் வட்டாரத்தில் பழைய இரும்பை முதலில் காண்பவர் பெரும்பாலும் தொல்லியலாளராக இருக்க மாட்டார். கோடையில் வயலுக்குக் கரம்பை அடிக்க உள்வாய்க்கு வருகிற விவசாயி, ஜேசிபி ஓட்டுநர், நூறுநாள் வேலைக்கு மண்வெட்டியோடு வரும் பெண்கள், ஆடு மேய்ப்பவர் என்று இவர்களுள் ஒருவராகவே இருப்பார். வாளின் எதிர்காலத்தை அவர் அந்த முதல் ஒரு மணி நேரத்தில் செய்வதும் செய்யாததும் பெருமளவு தீர்மானித்துவிடும்.

நல்ல மனத்தோடு செய்வதே கேடாக முடியலாம். புளி போட்டுத் துலக்கினால் பித்தளை மின்னும். பழைய இரும்பில் அந்த அமிலம் துருப்படலத்தைத் தின்று நோயை முடுக்கிவிடும். கருப்பசாமி கோயில் அரிவாளுக்கு எண்ணெய் பூசுவது வழக்கம். அந்த அரிவாள் உயிருள்ள இரும்பு, அதற்கு எண்ணெய் நல்லது. மண்ணிலிருந்து வந்த வாளுக்கு மேலே எண்ணெய் பூசினாலும் உள்ளே உப்பு தன் வேலையை நிறுத்தாது. பின்னால் செய்யவேண்டிய சிகிச்சையும் கடினமாகும். குழாயடியில் கழுவி வெயிலில் காயவைப்பது எல்லாவற்றிலும் மோசமானது.

செய்யவேண்டியவை எளியவை. எந்திரத்தை நிறுத்த வேண்டும். பொருளைப் பிடுங்காமல், இருக்கும் நிலையிலேயே படம் எடுக்க வேண்டும். அதே இடத்து ஈர மண்ணைப் போட்டு மூடி, மேலே ஈரச் சாக்கு விரிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் சொல்ல வேண்டும். எடுத்தே ஆகவேண்டிய நெருக்கடி என்றால், ஒட்டியிருக்கும் மண்ணோடு பலகையில் ஏந்தி, காற்றுப்புகாமல் பாலித்தீனில் சுற்ற வேண்டும். ஈரமாகக் கிடைத்தது ஈரமாகவும், உலர்ந்து கிடைத்தது உலர்ந்தும் பயணப்பட வேண்டும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், மண்ணில் மறைந்து கிடந்த மதிப்புள்ள பொருளைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. கண்டவருக்கு ஈடு தரவும் அதில் இடமுண்டு. பொருள் பறிபோய்விடும், வழக்கு வரும் என்ற அச்சம்தான் பலரை மறைக்கத் தூண்டுகிறது. அந்த ஈடு நேர்மையாகவும் விரைவாகவும் கொடுக்கப்பட்டால் அச்சம் தானாகக் குறையும்.

அரசு செய்யவேண்டியதும் பெருஞ்செலவு பிடிக்காது. கண்மாயில் வண்டல் எடுக்க வட்டாட்சியர் தரும் அனுமதிச் சீட்டில், தாழியோ இரும்போ தெரிந்தால் என்ன செய்யவேண்டும் என்ற நான்கு வரிகளை அச்சிடலாம். தூர்வாரும் முன் உள்வாயை ஒருமுறை நடந்து பார்க்கத் தொல்லியல் அறிந்தவர் ஒருவரை அனுப்பலாம். வெம்பக்கோட்டை அகழாய்வால் விருதுநகர் மாவட்டத்தில் தொல்லியல் துறை ஏற்கெனவே கால் ஊன்றியிருக்கிறது. மாவட்டத் தலைநகரில் மூடியுள்ள சில பிளாஸ்டிக் தொட்டிகள், சோடியம் ஹைட்ராக்சைடு, குளோரைடு சோதனைப் பட்டைகள், சிலிக்கா ஜெல், பயிற்சி பெற்ற இருவர், எக்ஸ்ரே எடுக்க அரசு மருத்துவமனையோடு ஓர் ஒப்பந்தம் ஆகிய இவை இருந்தால் முதலுதவிக்குப் போதும். மேல்சிகிச்சைக்குச் சென்னை இருக்கிறது. இந்த ஏற்பாடு அமையும்வரை, ஆபத்தில் இல்லாத தாழியைத் தோண்டாமல் மண்ணிடமே விட்டுவைப்பது அறிவுடைமை. பல நூற்றாண்டுகள் காத்த மண் இன்னும் சில ஆண்டுகள் காக்கும்.

தமிழ் நிலத்தின் இரும்பு எவ்வளவு பழையது என்று உலகுக்குச் சொல்லப் பெருமையோடு முன்வந்திருக்கிறோம். அந்த வாதத்தை நாளை உலகம் சோதிக்க விரும்பினால், அறிக்கைகளைப் படிப்பதோடு நில்லாது; உலோகத்தைக் கேட்கும். அப்போது எடுத்துக்காட்ட, துருவாகிப் பொடியாகாத இரும்பு நம் பெட்டகங்களில் இருக்க வேண்டும். கி.மு. ஆண்டுகளைக் கணக்கிடும் அக்கறையில் ஒரு பங்கு, எடுத்த பொருளின் அடுத்த நூறு ஆண்டுகளுக்கும் கிடைக்க வேண்டும். அகழாய்வுக்கு ஒதுக்கும் ஒவ்வொரு தொகையிலும் பாதுகாப்புக்கென ஒரு பங்கு கட்டாயம் என்ற விதி வந்தால், கண்மாய்ச் சேற்றில் தலைகாட்டும் அடுத்த வாள் உதிராமல் நிற்கும்.